நெடுந்தாங்கல் மலைக்கு இன்னும் அரை மீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. இந்தக் கதையில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்தது இல்லை. என்னோடு வேலை செய்கிற தணிகைவேல் போனில் சொன்னது. தணிகைவேல் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிற ஆள். அதனால் எங்கள் ஜீப் ஓட்டுகிற சையது பாயிடம் தனியாகக் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடம் வந்தால் அங்கேயே சொல்லிவிடுவேன். எனக்கு அப்படித்தான் பழக்கம்.

இல்லை, இது அரிசி இல்லை. மண். எங்கள் ஊர் மண். ஜெயங்கொண்டம் பக்கம். நீங்கள் பையை அமுக்கிப் பார்த்தபோதே கேட்பீர்கள் என்று நினைத்தேன். கண்டக்டர்கூடக் கேட்டார். "மண்ணா? ஏம்மா, போற ஊர்ல மண்ணு கெடைக்காதா?" என்றார். கிடைக்கும் அண்ணே, ஆனால் போதாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார். மறுபடி இந்தப் பக்கமே வரவில்லை, கவனித்தீர்களா?

நான் ஒரு மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் அக்கா. அந்த மலையை நான்தான் உண்டாக்கினேன் என்று திருவிழாப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். உண்மையில் நான் அதை அழித்தவள். அதைச் சொல்லித் திருத்திவிட்டு வரத்தான் போகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

என் பெயர் புனிதவல்லி. வேலை, மண் வரைபடம் போடுவது. முன்பெல்லாம் இதற்கு ஊர் ஊராக நடந்து குழி தோண்டிப் பார்ப்பார்கள். இப்போதும் தோண்டுகிறோம், ஆனால் குறைவாக. பல வருடம் முன்னால் வானத்திலிருந்து ராடார் வைத்துப் பூமியின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கிறார்கள். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு உயரம். ஒரு கட்டம் முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். இந்த மாதிரி மூன்று பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஒரு பக்கம். உயரம் தெரிந்தால் சரிவு தெரியும். சரிவு தெரிந்தால் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று தெரியும். தண்ணீர் போன வழியில்தானே மண்ணும் போயிருக்கும்?

அது கணினி வேலை. ஆனால் கணினிக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? அதற்குத்தான் பத்மாசனி மேடம். மண் ஆராய்ச்சியிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டு உச்சியில் மண் மெலிசாக, சரளையாக இருக்கும், சரிவில் கொஞ்சம் கனக்கும், அடிவாரத்தில் ஆழமாக இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் விதியாக எழுதிக் கணினிக்குக் கொடுப்பேன். அது எல்லாக் கட்டத்திலும் பொருத்திப் பார்த்து, இந்த இடத்தில் இந்த மண் இருக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும். இவ்வளவுதான். அம்மா ஊரில் நான் சாட்டிலைட் விடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதை மட்டும் இன்னும் திருத்த முடியவில்லை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் அக்கா. வேறு யாராவது தப்புச் செய்தால் அது அவர்கள் தப்பு. நான் செய்தால் படிப்புக்கே கெட்ட பேர். 'இதுக்குத்தான் பொட்டப்புள்ளய மெட்ராஸ் வரைக்கும் அனுப்பிப் படிக்க வெச்சியா?' என்று அம்மாவைக் கேட்க ஆள் காத்துக்கொண்டிருக்கிறது. அதனால் நான் எதையும் இரண்டு முறை பார்ப்பேன்.

அப்படி இரண்டு முறை பார்த்துத்தான் அந்த மலையை வரைபடத்தில் வைத்தேன்.

திண்டிவனத்துக்கும் கடலுக்கும் நடுவில், பெரும்பாலும் தட்டையான பூமி. அதில் திடீரென்று ஒரு மலை! சின்ன மலைதான், எட்டு மீட்டர். ஆனால் என்ன அழகு அக்கா! நாலு பக்கமும் கத்தியால் நறுக்கியதுபோலச் சரிவு, உச்சியில் தோசைக்கல் மாதிரி சமதளம். ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உச்சியில் மெலிசான செம்மண் சரளை என்று கணினி சொன்னது, அதுவும் தொண்ணூற்றாறு சதவீதம் உறுதியோடு. அந்த வரைபடம் முழுக்க வேறு எந்த இடத்திலும் அதற்கு அவ்வளவு உறுதி வரவில்லை. "ஏன் புனிதா, மலை சதுரமா இருக்கே?" என்று தணிகைவேல் மட்டும் கேட்டான். இயற்கையில் எல்லா வடிவமும் உண்டு என்று சொன்னேன். பெயர் எழுதச் சொல்லிக் கேட்ட இடத்தில், பக்கத்து ஊர் நெடுந்தாங்கல் என்பதால், 'நெடுந்தாங்கல் மலை' என்று அடித்துவிட்டேன். எனக்கு அது ஒரு பெயர். அவ்வளவுதான்.

வரைபடம் சரியா என்று பார்க்க, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலச் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய் மண்ணைத் துளைத்துப் பார்ப்போம். அந்தக் குலுக்கலில் என் மலை உச்சி விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தணிகைவேலும் சையது பாயும் ஜீப்பில் கிளம்பினார்கள். போன வருடம், பங்குனி உத்திரம் முடிந்த மறுவாரம்.

இங்கேதான் எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. எந்த ராடாரிலும் வராத விஷயம்.

நெடுந்தாங்கலுக்குப் பக்கத்தில் வெள்ளாம்பாறை என்று ஒரு ஊர். அங்கே நாற்பது மீட்டர் உயரத்தில் நிஜ மலை இருக்கிறது, மேலே முருகன் கோயில். பங்குனி உத்திரத்துக்கு நெடுந்தாங்கல்காரர்கள் காவடி எடுத்துக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். போனால், வெள்ளாம்பாறைக்காரன் கடைசி ஆள் ஏறி முடிக்கிறவரை இவர்கள் அடிவாரத்தில் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். கேட்டால், "மல எங்களுது. ஒங்களுக்கு அவசரம்னா ஒங்க ஊரு மலயில போயி ஏறுங்க" என்று சிரிப்பார்களாம். அந்த வருடம் ஒருவன் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். "ஏறி நின்னு பாக்க ஒங்கூர்ல ஒரு குப்பமேடாவது இருக்குதாடா?"

இந்த வார்த்தை விழுந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. அந்த ஊர் டீக்கடை வாசலில் ஜீப்பை நிறுத்தி இறங்கி, தணிகைவேல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்கிறான்: "அண்ணே, நெடுந்தாங்கல் மலைக்கு எப்பிடிப் போவணும்?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையில் ஊற்றிக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். காவடிக் குழுவுக்குத் தலைவர் கலியமூர்த்தி என்று ஒருவர், பந்தல் போடுகிற தொழில், பந்தக்கால் மாதிரியே இருப்பாராம், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யார்ரா ஒன்ன அனுப்புனது? வெள்ளாம்பாறையானா?"

"இல்லண்ணே, ஆபீஸ்ல..."

"ஜீப்பு வெச்சிக்கினு வந்து நக்கலு பண்றீங்களா? அந்த அளவுக்கு வந்துட்டீங்களா?"

சையது பாய் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. இதை அவரே ஒப்புக்கொண்டார். தணிகைவேல் பயந்துபோய் என் வரைபடத்தைப் போனில் திறந்து நீட்டியிருக்கிறான். கலியமூர்த்தி போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னா எழுதியிருக்குது?"

"நெடுந்தாங்கல் மலை."

"நம்ம நெடுந்தாங்கலா?"

"ஆமாண்ணே."

"இது கவர்மெண்டுதா?"

"கவர்மெண்டுக்குத்தான் போடறோம்ணே. வானத்திலேர்ந்து அளந்தது."

"யாரு போட்டது?"

"எங்க ஆபீஸ்ல புனிதவல்லின்னு ஒரு பொண்ணு. அவ போட்டா தப்பாவே இருக்காது."

இந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை பாருங்கள். அவன் ஏன் அதைச் சொன்னான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கலியமூர்த்தி போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஒம் பேரு இன்னா தம்பி?" என்றார்.

"தணிகைவேல்."

அவ்வளவுதான் அக்கா! ஊரே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டதாம். அந்த இடத்திலேயே யாரோ ஓடிவந்து தன் நெற்றியில் விபூதி பூசினார்கள் என்று தணிகைவேல் சொல்கிறான். சையது பாய் அப்படி ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கும் மசால்வடை கொடுத்தார்கள் என்கிறார். நான் மசால்வடையைத்தான் நம்புகிறேன்.

போனில் புள்ளி நகர நகர, அதைப் பார்த்துக்கொண்டே தணிகைவேல் முன்னால் நடக்கிறான். பின்னால் ஊர் மொத்தமும். மேளம் அடித்தார்கள் என்று அவன் சொல்கிறான். அது பின்னால் வந்த டிராக்டரில் ஓடிய பாட்டு என்று சையது பாய் சொல்கிறார். வாய்க்கால் தாண்டி, வரப்பு தாண்டி, அஞ்சலாட்சி என்ற அம்மாவின் நிலத்துக்குள் போய் நின்றார்கள். பூமி அப்படியே தாம்பாளம். முழுக்க மல்லாட்டை. மணிலா அக்கா, வேர்க்கடலை, அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள்.

எனக்குப் போன் வந்தது.

"புனிதா, ஒன் மலை உச்சியில நிக்கிறேன்."

"எப்படி இருக்கிறது?" ஆசையாகக் கேட்டேன்.

"காலுக்குக் கீழ மல்லாட்டச் செடி இருக்கு."

"உச்சியில் விவசாயமா! சரிவு எந்தப் பக்கம் அதிகம்?"

"எந்தப் பக்கமும் இல்ல."

"ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு மறுபடி போடு."

"மூணு தடவ போட்டுட்டேன். நான் இப்ப கடல் மட்டத்துலேர்ந்து இருவத்தஞ்சு மீட்டர் மேல இருக்கேன்னு ஒன் படம் சொல்லுது. எனக்கு வாய்க்கால் தண்ணி கணுக்காலுக்குக் கிட்ட தெரியுது."

பின்னால் அந்த அஞ்சலாட்சி அம்மா சத்தம் கேட்கிறது: "எந்நெலத்துல மலயா? பத்தரத்துல இல்லியே! யாரக் கேட்டு வெச்சாங்க?" இன்னொரு குரல், "சும்மா இரு சித்தி, குடுக்கறப்ப வேணாங்காத" என்கிறது.

தணிகைவேல் துளைக்கிற இரும்புத் தண்டை எடுத்து மண்ணில் இறக்கினான். என் கணினி சொன்ன சரளை இல்லை. ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி, மணலும் செம்மண்ணும் கலந்த நல்ல ஆழமான மண் வந்துகொண்டே இருக்கிறது. தண்டோடு பொடிப்பொடியாக வேரும் வந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றவன், போனைத் துண்டிக்காமலே சிரிக்க ஆரம்பித்தான். சிரிக்கிறான், சிரிக்கிறான், அப்படியே மல்லாட்டைக்குள் உட்கார்ந்துவிட்டான்.

"இங்க இதுக்கு முன்ன என்னாம்மா இருந்துச்சு?" என்று கேட்டான்.

"சவுக்குத் தோப்பு. ரொம்ப காலமா சவுக்குதான். வெட்டுறது, மறுபடி வெக்கிறது. போன வருசம் வெட்டிட்டு இனிமே வேணாம்னு மல்லாட்ட போட்டேன்."

"புனிதா, கேட்டுச்சா? ஒன் மலைய வெட்டி லாரியில ஏத்திட்டாங்க. பேப்பர் மில்லுக்குப் போயிருச்சு."

ராடார் மேலிருந்து பார்த்தால் மரத்தின் தலைதான் தெரியும் அக்கா. நெருக்கமாக நட்ட தோப்பு என்றால் அதையே தரை என்று எழுதிக்கொள்ளும். நாலு பக்கமும் வேலி போட்ட தோப்பு. அதனால்தான் சதுரம். இது எங்களுக்குப் பாடத்தில் உண்டு. தேர்வில் எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

திரையில் அந்த எண்ணை மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றாறு சதவீதம் அக்கா! ஆனால் அங்கே யாருக்கும் அந்தத் துக்கமே இல்லை. தணிகைவேல் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, இது மலை இல்லை, இயந்திரம் சவுக்கை மலை என்று நினைத்துவிட்டது என்று பொறுமையாக விளக்கியிருக்கிறான். கலியமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேலேர்ந்து பாத்தா மலன்னுதான தெரிஞ்சிது?"

"ஆமாண்ணே."

"மேலேர்ந்து பாக்குறவன் யாருய்யா?" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "சொல்லுங்க. யாரு? நமக்குக் கீழேர்ந்து தெரியல. அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. இவன் பேரு வேற தணிகைவேலு!"

அரோகரா போட்டுவிட்டார்கள். அரோகராவை இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

அன்று சாயங்காலம் எனக்கே போன் வந்தது. நம்பரைத் தணிகைவேல்தான் கொடுத்திருக்கிறான்.

"எம்மா, நான் நெடுந்தாங்கல் கலியமூர்த்தி பேசுறேன். அந்த மலய அழிக்கப்போறதா தம்பி சொல்லிச்சு."

"ஆமாங்க ஐயா. அது தவறு."

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமேம்மா. யாருக்கு இன்னா எடஞ்சலு?"

"அது இருந்தால் அந்த அம்மா நிலத்தில் சரளைதான் என்று எழுதியிருக்கும் ஐயா. நாளைக்கு அதைப் பார்த்துவிட்டு யாராவது அங்கே ஒன்றும் விளையாது என்பார்கள்."

"அஞ்சலாட்சி ஒண்ணும் சொல்லாது. அதுவே மலக்காரின்னு சொல்லிக்கினு திரியிது. வெள்ளாம்பாறையான் மலயும் படத்துல இருக்குதா?"

"இருக்கிறது. நாற்பது மீட்டர்."

"நம்முளுது?"

"எட்டு. ஆனால் ஐயா, அது சவுக்கு."

"எட்டே போதும்மா. அவனாட்டம் பேராச இல்ல எங்களுக்கு."

அந்தக் குரல் எனக்குப் பாரமாக இருந்தது. ஆபீசில் எல்லோரும் போன பிறகு அந்த மலையைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பத்மாசனி மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் பத்து நிமிடம் சிரித்தார். பிறகு, "நான் மலைக்குத்தான் விதி சொன்னேன், மலை இல்லாத மலைக்குச் சொல்லலை. தோப்பு இருக்கிற இடத்துல மர உயரத்தைக் கழிச்சுட்டு அப்புறம் என் விதியைப் போடு" என்றார். கழித்தேன். ஒரே நொடி. மலை அப்படியே உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் 'ஆழமான மணற்பாங்கான செம்மண்' என்று சரியாக வந்தது. வரைபடம் சுத்தமாயிற்று.

அதை நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று மறுநாள் கலியமூர்த்திக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"எம்மா, ஒரு சந்தேகம். மல எவ்ளோ ஒசரம் இருந்தா அந்த எந்திரத்துக்குத் தெரியும்?"

விவசாயிகள் இப்படித் தொழில்நுட்பமாகக் கேட்டால் எனக்கு ரொம்பப் பிடிக்கும் அக்கா. பொறுமையாகச் சொன்னேன். அடுத்த முறை மேலிருந்து அளக்கும்போது தெரிய வேண்டுமானால், ஒரு கட்டம் முப்பது மீட்டர், அந்தக் கட்டத்தையாவது நிரப்புகிற அகலம் வேண்டும். உயரம் ஐந்து மீட்டராவது வேண்டும், அதற்குக் குறைந்தால் அளவில் வருகிற பிழையோடு பிழையாகக் கரைந்துவிடும்.

"மரம் வெச்சா?"

"கழித்துவிடுவோம் ஐயா."

"கட்டடம் கட்டுனா?"

"அதையும் கழித்துவிடுவோம்."

"மண்ணு?"

"மண்ணாக இருந்தால் மண்தான் ஐயா. அதை எப்படிக் கழிப்பது?"

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். மனிதர் சமாதானம் ஆகிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

வைகாசியில் ஏரி வற்றியதும் டிராக்டர் ஓட ஆரம்பித்தது. ஏரியில் தூர் வாரின மண், கிணறு தோண்டின மண், வீட்டுக்குக் கடைகால் எடுத்த மண், எல்லாம் அஞ்சலாட்சி நிலத்தின் மூலைக்கு. மல்லாட்டை பிடுங்கியதும் அந்த அம்மா மூலையை அளந்து விட்டுவிட்டார். முப்பதுக்கு முப்பது! கலியமூர்த்தி பந்தல் போடுகிறவர் இல்லையா, நாலு மூலைக்கும் கழி நட்டுக் கயிறு கட்டி, கச்சிதமாக. நான் எதையோ விளக்கப் போய் இப்படி ஆகும் என்று யார் கண்டது? தணிகைவேல் தினமும் போன் செய்து, இன்று இடுப்பளவு, இன்று ஆளுயரம் என்று சொல்வான். தினமும் அக்கா. அவனுக்கு அந்த ஊரில் வேலை முடிந்து மாசக்கணக்காகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் மண் கொட்டிவிட்டு வருகிறான். ஏன் என்றால், "நீ போட்ட மலை, நான் போய்ப் பாக்காம யாரு பாப்பா?" என்கிறான். நான் போட்ட மலை போய்விட்டது, இது வேறு மலை என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கலியமூர்த்தி போன் செய்து, "எம்மா, மல கரையுதும்மா" என்று கிட்டத்தட்ட அழுதார். சரிவு செங்குத்தாக இருக்கும், அதைச் சாய்வாக்குங்கள், அருகம்புல்லைப் பதியுங்கள், தண்ணீர் இறங்க ஒரு பக்கம் வழி விடுங்கள் என்றேன். பொதுவாகச் சொன்னதுதான். மண் அரிப்பைப் பற்றி யார் கேட்டாலும் அதைத்தானே சொல்வேன்? அவர்கள் ஊரே குடையும் மண்வெட்டியுமாக இறங்கிவிட்டதாம். சையது பாய்கூட ஒருநாள் லீவு போட்டுப் போய்ப் புல் பதித்தார். ஏன் பாய் என்று கேட்டேன். "மலை கரையுதுன்னா சும்மா பாத்துட்டு இருக்க முடியுமாம்மா?" என்றார்.

மழை நின்றதும் தணிகைவேல் அளந்தான். நாலரை மீட்டர். ஐந்தில் அரை மீட்டர் போய்விட்டது. ஏரி நிறைந்து கிடக்கிறது, இனி வெயில்காலம் வரை மண் எடுக்க முடியாது. இந்த வருடம் காவடியை அந்த மலையிலேயே ஏற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்கள், பங்குனி உத்திரமோ வருகிறது. நாலரை போதாதா என்று என்னிடம் எல்லோரும் கேட்டார்கள். போதாது என்றேன். வேறு என்ன சொல்வது? மனசு கேட்கிறது என்பதற்காக நாலரையை ஐந்து என்று சொல்ல முடியுமா?

அதற்குத்தான் அந்த ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பத்திரிகை அடித்து, அதில் கீழே போட்டுவிட்டார்கள்: 'வருகின்ற அன்பர்கள் தத்தம் ஊர் மண் ஒரு பை கொண்டுவர வேண்டுகிறோம்.' எங்கெங்கோ கட்டிக்கொடுத்த பெண்கள், வேலைக்குப் போன பிள்ளைகள், எல்லோரும் மண்ணோடு வருகிறார்கள். அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் காலடியில் ஒரு சாக்கு இருக்கிறதே, எனக்கு அதுவும் சந்தேகம்தான். நாளைக்கு இந்த மலைக்கு என்ன மண் வகை என்று எழுதுவது? கரிசல், செம்மண், வண்டல், எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மேடத்திடம் கேட்டேன். "மனுஷன் கொண்டுவந்து போட்ட மண்ணுன்னே தனியா ஒரு வகை இருக்கு. கவலைப்படாதே" என்றார். பிறகு, "எனக்கும் சேர்த்து ஒரு பிடி போடு" என்றார்.

வெள்ளாம்பாறைக்காரர்களும் வருகிறார்களாம். அவர்களை அடிவாரத்தில் நிற்க வைக்க வேண்டும் என்று பாதி ஊர். அஞ்சலாட்சி அம்மாதான், "நிக்கட்டும். கொஞ்ச நேரம் நிக்கட்டும். அப்பறம் ஏறட்டும். ஆனா மண்ணு கொண்டாந்தாத்தான்" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அவர்கள் மலையிலிருந்தே ஒரு பை மண்! இது எனக்கு நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது.

இதோ, பத்திரிகை. இந்த வரியைப் படியுங்கள். 'மலை உபயம்: செல்வி புனிதவல்லி, செல்வன் தணிகைவேல்.' எப்படி இருக்கிறது பாருங்கள்! மஞ்சள் தடவிய அட்டை, இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில், மேலே வேல் படம். உபயம் என்று போட நான் என்ன செய்தேன்? இருந்ததையும் எடுத்தேன். இதைத் திருத்தச் சொல்லத்தான் நேரில் போகிறேன். அம்மாவிடம் காட்டி, இது தகவல் பிழை என்று சொன்னேன். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். கெஞ்சித்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். "பத்திரமாக் கொண்டாந்துடு" என்றாள்.

புடவை புதுசுதான். திருவிழா என்பதால் அம்மா கட்டச் சொன்னாள்.

சரி, ஒரே ஒரு விஷயம். இதுதான் எனக்கு நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. இந்த மண்ணை எடுக்க நேற்று எங்கள் கொல்லைக்குப் போனேன் அக்கா. வேப்பமரத்தடியில், நான் படிக்கிற காலத்தில் உட்கார்ந்து படிக்கிற இடம். அங்கே மண் எடுத்த தடம் ஒன்று இருந்தது. பழைய தடம், மேலே புல் வந்திருக்கிறது. ஆனால் விளிம்பு நேராக, ஒரு சாண் சதுரமாக இருந்தது. பழகிய கை. எங்கள் ஊரில் அப்படி மண் எடுக்க யாருக்கும் தெரியாது.

"இங்கே யார் தோண்டியது?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஒங்க ஆபீஸ் புள்ளதான். போன வைகாசியில வந்துச்சு. அக்கா எங்க ஒக்காந்து படிச்சாங்கன்னு ஒந் தம்பிக்கிட்ட கேட்டு, அங்கேர்ந்து ஒரு பை எடுத்துக்கிட்டுச்சு. சொல்ல வேணாம்னுச்சு. நாலு இட்லி சாப்ட்டுச்சு. நல்ல புள்ள. அவுங்க அப்பா பேரு, ஊரு எல்லாம் கேட்டு வெச்சிருக்கேன்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எதற்கு அங்கே போய் எடுக்க வேண்டும்? அந்த வைகாசியில் பத்திரிகையே அடிக்கவில்லை, யாரையும் மண் கொண்டுவரச் சொல்லவும் இல்லை. அதோடு, நான் இப்போது அதே மரத்தடியிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டு போகிறேன். ஒரே இடத்து மண் இரண்டு முறை சேர்ந்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று எங்கள் வேலையில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். தணிகைவேலுக்கு அது தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டான்.

ஏன் அக்கா சிரிக்கிறீர்கள்? நான் என்ன சொல்லிவிட்டேன்?

அம்மா மாதத்தை மாற்றிச் சொல்கிறாளோ என்று, இந்தப் பஸ் ஏறுவதற்கு முன் சையது பாயைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். கலியமூர்த்திக்கும் போன் போட்டுக் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது. போன வைகாசி, முதல் டிராக்டர் வருவதற்கு முந்தின நாள், கயிறு கட்டின இடத்துக்கு நட்டநடுவில் முதலில் கொட்டியது அந்த ஒரு பை மண்தான்.